அலுமாரிக்குள் இருந்த என் காது

முதலில் மன்னிப்பு. எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து பாதியில் மறந்தும் போவேன். வாரா வாரம் பத்திரிகையில் என்னைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும்... நான் கோபமாக இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பிரஷர் கிளினிக். கட்டுகஸ்தோட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் வாங்கில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மருந்தோடு போனார்கள். நான் இருந்தேன். இருந்துகொண்டே இருந்தேன். கடைசியில் பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா என் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, காதுக்குக் கிட்டே வந்து கேட்டார்.

“பாக்கியம் எண்டுறது ஒங்கட பேரா? நாலு தரம் கூப்பிட்டாங்களே, ஏன் எழும்பல்ல?”

டொக்டர் போய்விட்டார். நாளைக்கு வா என்று கையைக் காட்டினார்கள்.

எனக்குக் காது கேட்காதா? ஆமாம். அதற்கு மிஷின் இல்லையா? இருக்கிறது. எங்கே? வீட்டு அலுமாரியில், மருமகளின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் — பூட்டுக்குள்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விலை கூடின சாமான் என்றால் நாம் அதைப் பாவிக்க மாட்டோம், பத்திரப்படுத்துவோம். கல்யாணம், கோயில் தேர், பிறகு கனடாவில் இருக்கும் என் மகள் வீடியோவில் பேசுகிற ஞாயிற்றுக்கிழமை... மிஷின் அவள் அனுப்பிய காசில் வாங்கியது, அதனால் அவள் கண்ணில் படவேண்டும். அந்த நாட்களில் மட்டும் மருமகள் தேவி வந்து மாட்டிவிடுவாள். முடிந்ததும் கையை நீட்டுவாள்.

“மாமி, தோட்டையும் மிஷினையும் கழட்டிக் குடுங்க.”

இரண்டும் ஒரே பூட்டுக்குள் போகும்.

ஆஸ்பத்திரியில் காது சோதித்த மிஸ் என்ன சொன்னார்? “வீட்டிலயே போடுங்கம்மா. மொதல்ல ரெண்டு மணித்தியாலம், அமைதியான எடத்துல. பழகப் பழகக் கூட்டுங்க. பிறகு முழு நாளும்.” தெளிவான பேச்சு. நாங்கள் என்ன செய்தோம்? முதன்முதலாக அதை மாட்டிக்கொண்டு போனது கெலிஓயாவில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு. மேளக்காரர் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். தலைக்குள் இடி விழுந்த மாதிரி இருந்தது. நான் முகத்தைச் சுளித்ததும் என் மகன் சிவா சொன்னான்: “பாத்தியா தேவி, அம்மாவுக்கு இது ஒத்துக்கல.”

யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளும்?

வாங்கிய கதை இன்னும் மோசம். டவுனில் உள்ள கடையில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்று காதுக்குப் பின்னால் வைக்கிறது. மற்றது பயறு போல, காதுக்குள்ளேயே மறைகிறது. எனக்குப் பெரியது பிடித்தது. நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த விரல் — நுனி மரத்துப் போயிருக்கிறது. சின்ன பெட்டரியை என்னால் பிடிக்க முடியாது. இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சிவா முடிவு செய்துவிட்டான்.

“சின்னதே குடுங்க மிஸ். நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க?”

நாலு பேர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று என் காதை வாங்கினார்கள். நானும் பேசாமல் இருந்தேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் வாய் வந்தது.

“தேவி, அலுமாரிச் சாவியக் குடு.”

“எதுக்கு மாமி? இன்னைக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையே?”

“நான் உசுரோட இருக்கேன். அது போதும்.”

சிவா எழும்பி வந்து, வழக்கம்போல் சத்தமாகக் கேட்டான். “என்னம்மா இது... வேர்வை பட்டா கெட்டுப் போயிரும்னுதானே வெச்சிருக்கோம்?”

“என் கண்ணாடியப் பூட்டி வெச்சியா? என் பல்லுசெட்டப் பூட்டி வெச்சியா? காதுல மட்டும் என்னடா அவ்வளவு அக்கறை?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். தேவி சாவியைத் தந்தாள்.

மிஷின் பெட்டியைத் திறந்தால்... பெட்டரி உள்ளேயே ஊறி, பச்சை பிடித்துக் கிடந்தது. பத்திரப்படுத்திய லட்சணம்.

அடுத்த நாள் கிளினிக்கை முடித்துவிட்டு, மிஷின் பெட்டியோடு நேரே அந்தக் கடைக்குப் போனேன். தனியாக. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, விரலைக் காட்டி, என் கஷ்டத்தைச் சொன்னேன். அங்கிருந்த பிள்ளை மிஷினைத் துடைத்துச் சரிசெய்துவிட்டு, பெட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டித் தூரிகையை எடுத்தாள். அதன் மறு நுனியில் காந்தம். பெட்டரி தானாக ஒட்டிக்கொண்டது.

“இது வாங்கின நாள்லேயே இருந்திச்சே ஆச்சி. வீட்டுல யாரும் காட்டலையா?”

யார் காட்டுவது? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அவள் சொன்னதை எல்லாம் ஞாபகம் இருக்கிற வரை எழுதுகிறேன். குளிக்கும் முன்பும் தலைக்கு எண்ணெய் வைக்கும் முன்பும் கழற்ற வேண்டும். காய்ந்த துணியால் துடைக்கலாம், தண்ணீர் கூடாது. படுக்கும்போது பெட்டரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். நம் கண்டி ஈரத்துக்கு, சப்பாத்துப் பெட்டியில் வருகிற, ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொட்டலம் ஒன்றோடு மூடின டப்பாவில் வைப்பது நல்லது. நாள் கணக்கில் பாவிக்காவிட்டால் பெட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும். புதுப் பெட்டரியில் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷமோ, இரண்டு நிமிஷமோ பொறுத்துத்தான் போட வேண்டும்... இந்த இடம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, விழுங்கினால் ஆபத்து.

இதில் பிழை இருக்கலாம். காது வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்தி, பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள். நன்றி சொல்வேன்.

அது வேர்வையில் கெட்டுப்போகும் என்று மட்டும் எழுதாதீர்கள். கெட்டாலும் என் காதிலேயே கெடட்டும்.