சுட்ட கல் என்று மார்த்தாள் சொன்னாள்

மார்த்தாளுக்கு முன்கோபம் என்று மானாம்பதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? பெருநகர் என்கிற பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மறுமாதமே கல்குவாரியில் ஜல்லி உடைக்க உட்கார்ந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அதே பாறை, அதே சம்மட்டி. இருபது வருஷத்தில் கல்லைத் தட்டிப் பார்த்தே அதன் கதையைச் சொல்லிவிடுவாள். அதைக் கேட்கத்தான் நாதி கிடையாது.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாசம் ஒரு ஜீப் வந்தது. சென்னையில் ஆராய்ச்சி செய்கிற சாரதா என்ற பெண்ணும் அவளுடைய புரொபசரும் இறங்கினார்கள். சாரதா குவாரி மேஸ்திரி பாண்டுரங்கனிடம் பொறுமையாகத்தான் விளக்கினாள். யுரேனியத்தைவிட ரொம்பக் கனமான தனிமங்கள், பூமி உண்டான காலத்திலிருந்து அழியாமல் எங்கேயாவது மிச்சம் இருக்கலாமாம். உலகத்தில் பல பேர் தேடுகிறார்கள், இருக்கிறது என்று இன்னும் ஒருத்தராலும் நிரூபிக்க முடியவில்லை. இருந்தால், அதன் அணு உடையும்போது கல்லுக்குள் இருக்கும் மைக்காவில், அதாவது காக்காப்பொன்னில், ஒரு கீறல் விழும். யுரேனியமும் கீறும், ஆனால் இதன் கீறல் நீளம். ஆசிட்டில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு, யார் கையும் படாத கல் வேண்டும்.

அந்தக் குவாரியில் பாறையை எடுக்க இரண்டு வழி. துளை போட்டு ஆப்பு அடித்துப் பிளந்தால் நாலு நாள் பெண்டு நிமிர்ந்துவிடும். பாறை மேல் விறகை அடுக்கி எரித்தால் சூட்டில் அதுவே பலகை பலகையாக விட்டுக்கொள்ளும். பாண்டுரங்கனுக்கு எப்போதும் இரண்டாவது வழிதான். அப்படி எடுத்து, மார்கழி மழையில் கரியெல்லாம் கழுவிப்போய்க் கிடந்த குவியலை அவன் கை காட்டினான். அதில் காக்காப்பொன் தகதகவென்று மின்னியது.

"அது சுட்ட கல்லும்மா," என்றாள் மார்த்தாள். "நெருப்பு வெச்சி எட்த்தது. சுடாத கல்லுல காக்காப்பொன்னு கறுப்பாத்தான் கீது."

சாரதா மேஸ்திரியைப் பார்த்தாள். "ஜல்லி ஒடைக்கிறவளுக்கு இன்னா தெரியும்? நீங்க ஏத்துங்க சார்," என்றான் அவன். புரொபசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று மாசம் கழித்துக் கடுதாசி வந்தது. கல்லில் நீளக் கீறல் மட்டுமல்ல, கட்டாயம் இருக்க வேண்டிய யுரேனியக் கீறல்கூட ஒன்றும் இல்லை. சூடு பட்டால் கீறல் மறைந்துவிடும். சுட்ட கல்லை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார் புரொபசர். பாண்டுரங்கன் அதை அத்தனை பேர் நடுவில் படித்துவிட்டு, கூசாமல் சொன்னான்: "இந்தத் திருட்டுக் கழுததான் கல்ல மாத்திட்டா. நாளைலேர்ந்து இங்க கால வெக்காத."

உண்மையைச் சொன்ன வாய்க்குத் திருட்டுப் பட்டம். கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? அன்றைக்கு அவள் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்ததுதான். களை எடுக்கப் போன இடத்திலும், "நீதான கல்ல மாத்தனவ?" என்று கேட்டார்கள்.  

பாண்டுரங்கன் படித்துவிட்டு வீசிப்போன, விலாசம் போட்ட கடுதாசிக் கவரை அவள் அன்றைக்கே எடுத்து இடுப்பில் செருகியிருந்தாள். ஏரிக்கரைப் பாறையில், யாரும் நெருப்பு வைக்காத இடமாகப் பார்த்து, ஒண்டியாக ஆப்பு அடித்தாள். ஒன்பது நாள் ஆயிற்று. கல்லைக் கோணியில் சுற்றிக்கொண்டு, உத்திரமேரூர் போய் பஸ் மாறி, சென்னையில் கவரைக் காட்டிக் காட்டி விசாரித்துச் சாரதாவின் மேஜை மேல் கொண்டுபோய் இறக்கினாள்.

"சுட்ட கல்லுன்னு அன்னிக்குச் சொன்னனா, இல்லியா?"

சாரதாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "சொன்னீங்கம்மா."

"அத்த அங்க வந்து சொல்லு."

"முதல்ல இந்தக் கல்லைப் பார்த்துடறேன்."

"கல்லுல இன்னா வேணா இருக்கட்டும், இல்லாத போவட்டும். நான் சொன்னது சொன்னதுதான?"

சாரதா ஆடி மாசம் வந்தாள். குவாரியில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, "இந்தம்மா அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடது," என்றாள். மார்த்தாள் கொடுத்த கல்லில் யுரேனியக் கீறல் எல்லாம் பத்திரமாக இருந்ததாம். நீளக் கீறல் ஒன்றுகூட இல்லையாம்.

"இல்லன்னா இல்லன்னு எழுது," என்றாள் மார்த்தாள். "அதுல இன்னா வெக்கம்?"

பாண்டுரங்கன் சிரித்து மழுப்பினான். "சரி வுடு மார்த்தா, நாளிக்கு வேலைக்கு வந்துடு."

மார்த்தாள் நேராகப் போய் லாரிப் பாதை நடுவில் உட்கார்ந்தாள். ஜல்லி ஏற்றிய லாரி இரண்டு பின்னால் நின்றன.

"என்னத் திருடின்னு சொன்ன வாயால, இல்லன்னு சொல்லு. அப்பறம் லாரி போவும்."

டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். பாண்டுரங்கன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒருத்தரும் அவளைப் பாதையிலிருந்து அப்புறப்படுத்த வரவில்லை. தரையைப் பார்த்தபடி, "இவ மாத்தல. நான்தான் சுட்ட கல்லக் குட்த்தேன்," என்று முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள் மார்த்தாள்.

இரண்டாம் தரம் அவன் சொன்னது பாறை உச்சியில் துளை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. அதற்கப்புறம்தான் அவள் எழுந்து வழி விட்டாள்.