கதவைப் பூட்டிக்கொண்டு வழியனுப்பினேன்

பக்கத்துக்காரி ஜொசெத் என்னோடு கோபமாம். போன கிழமை மகள் ரதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் அவளுக்கு என்ன செய்தேன்? நல்லதுதானே செய்தேன்... அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது ஒன்றும் விளங்கவில்லை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கோ.

நான் படகில் இருக்கிறேன் என்பது பேப்பரில் இந்தப் பக்கத்தை வழமையாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் — மருமகன் பிரெஞ்சுக்காரர். அவருடைய வீடே கால்வாயில் கட்டியிருக்கிற படகுதான். என் புருசன் கண்ணை மூடிக் கனகாலம். ரதி கலியாணம் கட்டிய பிறகு, கார்ஜ் ஊரில் இருந்த வீட்டை விட்டுவிட்டு நானும் இங்கே வந்துவிட்டேன். லா சப்பலில் தமிழ்க் கடைக்கு அரிசி எடுக்கப் போனால் கடைக்காரத் தம்பி இன்றைக்கும் கேட்பார்: "என்னம்மா, கடல் எப்பிடி, கொந்தளிப்போ?" சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

கரையில் எல்லாப் படகுக்கும் இடம் காணாது. அதனால் ஒரு படகோடு இன்னொன்றை ஒட்டிக் கட்டுவார்கள். எங்கள் படகின் வெளிப்பக்கம் ஜொசெத்தின் படகு. அவள் கடையில் பாண் வாங்கப் போவதென்றாலும் எங்கள் மேல்தட்டால் நடந்துதான் கரைக்கு ஏற வேண்டும். என் தலைக்கு மேலே டக் டக் என்று கேட்கும். ஜொசெத் போகிறாள்... ஜொசெத் வந்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்று. என்னுடைய பிரெஞ்சு பஸ்ஸில் ஏறி இறங்கப் போதும், அவ்வளவுதான். ரதி கூப்பிடுகிறதைக் கேட்டு அவளும் என்னை "அம்மா" என்பாள் — அதுதான் என் பெயர் என்ற நினைப்பு. நானும் திருத்தவில்லை. பின்னேரங்களில் மேல்தட்டில் இருந்து தேத்தண்ணி குடிப்போம். அவள் பிரெஞ்சில் சொல்லுவாள். நான் தமிழில் சொல்லுவேன். ஆருக்கு என்ன விளங்கியதோ, கதை மட்டும் முடியாது. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வெட்கப்படுகிற ஆள் நான். அவளோடு மட்டும் எப்படித் திறந்தது?

விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் படகுகளை இடைக்கிடை தண்ணீரை விட்டுத் தூக்கி, அடிப்பக்கத்து இரும்பைப் பரிசோதிக்க வேண்டும். இரும்பு மெலிந்துபோயிருந்தால் அதில் ஆளை இருக்க விடமாட்டார்கள். ஜொசெத்தின் படகு நல்ல கிழட்டுப் படகு. அவளுக்கு அதை விட்டால் வேறு வீடு இல்லை. முறை வந்ததிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் கொடுத்த இடியப்பத்தையும் அரைவாசியில் வைத்துவிட்டாள்.

பரிசோதனைக்குப் படகைப் பட்டறைக்குக் கொண்டுபோகிற நாள் வந்தது. ரதியும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் எஞ்சின் உறுமியது. "அம்மா, அம்மா" என்று ஜொசெத் கூப்பிட்டாள்.

நான் எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினேன். ஜன்னல் சீலையையும் இழுத்துவிட்டேன்.

ஏன் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ? ஒருவர் முக்கியமான காரியத்துக்கு வெளிக்கிடும்போது புருசன் இல்லாதவள் எதிரே நிற்கக்கூடாது. முழுவியளம் சரியில்லை, சகுனம் பிழை என்பார்கள். இருக்கிற ஒரே வீடு தப்புமோ தப்பாதோ என்று பதறிக்கொண்டு போகிறவளுக்கு முன்னால் நான் போய் நிற்கலாமோ? உள்ளே இருந்து முருகா, முருகா என்று அவளுக்காகக் கும்பிட்டேன்.

படகுக்காரரின் வழக்கம் வேறாம். பக்கத்துப் படகு வெளிக்கிட்டால், அயலவர்தான் கயிற்றை அவிழ்த்து எறிந்து, கை காட்டி அனுப்ப வேண்டும். அதுதான் மரியாதை. அன்றைக்கு ஜொசெத் தானே எங்கள் மேல்தட்டுக்கு ஏறி வந்து, தானே கயிறுகளை அவிழ்த்து, தனியே போனாள். போக முதல் அவளுடைய காலடி என் கதவடியில் வந்து கொஞ்ச நேரம் நின்றது. எனக்குக் கேட்டது.

போன கிழமை அவள் ரதிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். படகு தப்பிவிட்டதாம். ஆனால் இனி எங்கள் பக்கத்தில் கட்டமாட்டாளாம், வேறு இடம் பார்க்கிறாளாம். 'நான் ஓயாமல் மேலால் நடந்து அம்மாவுக்குக் கரைச்சல் கொடுத்துவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்' என்று எழுதியிருந்தாள்.

"என்னம்மா செய்தனீங்கள்?" என்று ரதி கேட்டாள்.

சொன்னேன்.

ரதி சிரிப்பாள் அல்லது ஏசுவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"அப்ப... நான் கலியாணப் பதிவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்குக் குசினியை விட்டு வெளியிலை வராமல் நிண்டனீங்களே. அதுவும் இதுக்கோ?"

"ஓம். வேறை எதுக்கு?"

"நான் வெள்ளைக்காரனைக் கட்டுறது உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டு நினைச்சன். இவ்வளவு காலமும். அண்டைக்குக் காருக்குள்ளை இருந்து அழுதனான்."

அவள் நல்லாய் இருக்கவேண்டும் என்று நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன். அவள் காருக்குள் இருந்து அழுதிருக்கிறாள். கெட்டது நடக்கக்கூடாது என்றுதானே ஒதுங்கி நின்றேன்... பிறகு இது என்ன?

அடுத்த நாளே ரதி என்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜொசெத் பெயின்ற் கையோடு வந்து எட்டத்தில் நின்றாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, ரதி பிரெஞ்சில் சொன்னாள். ஜொசெத் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பிறகு ரதியிடம் ஏதோ கேட்டாள். ரதி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தன்ரை மனுசனும் செத்துப்போச்சாம், அம்மா. காலமை எழும்பி முகம் கழுவேக்கை கண்ணாடியிலை தன்னைத்தானே பாக்கிறாவாம். அப்ப, தான் எப்பிடி வெளியிலை வெளிக்கிடுறதெண்டு கேக்கிறா."

அவளும் புருசன் இல்லாதவள் என்று எனக்குத் தெரியாதா என்ன? நான் கோயிலுக்கு வெளிக்கிடும் போதெல்லாம் எதிரே நின்று கை காட்டுகிறவள் அவள்தான். அதை நான் ஒருநாளும் கூடாத முழுவியளம் என்று எண்ணியதில்லை. சந்தோஷமாய்த்தான் போய்வந்தேன். அப்படியென்றால் இந்தச் சட்டம் எனக்கு மட்டுமோ? ஆர் எனக்குப் போட்டது? நானேயோ? சின்னனிலிருந்து கண்ட பழக்கம், சட்டென்று பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உண்மை என்று சொல்லிக்கொண்டு ரதியின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"சனிக்கிழமை வாறாவாம்," என்றாள் ரதி. "நீங்கள் முன்னாலை நிண்டு கயிறு பிடிச்சால் எங்களோடை கட்டுவாவாம். இல்லாட்டி நேரை போயிடுவாவாம்."

சனிக்கிழமை மேல்தட்டில் நின்றேன். ரதி பின்னால் நின்றாள். முருகா என்றேன் — அதை விடமுடியாது. படகு கிட்ட வந்தது, ஜொசெத் கயிற்றை எறிந்தாள், நான் பயத்தில் கண்ணை மூடிவிட்டேன். கயிறு தண்ணீருக்குள். படகு விலகிப் போனது. படகில் நின்றபடி ஜொசெத் தொண்டை கிழியத் திட்டினாள். கரையில் பந்து விளையாடிக்கொண்டு நின்ற ஆட்கள் விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மனதில் கோபம் வைத்திருக்கிறவர்கள் இப்படித் திட்டமாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இரண்டாம் தரம் பிடித்துவிட்டேன்.

என்ன சொல்லித் திட்டினாள் என்று ரதியிடம் கேட்டேன்.

"அதை நீங்கள் பேப்பரிலை எழுதேலாது, அம்மா" என்றாள்.