கொட்டாங்குச்சி பொறுக்க வந்த பெண்

புக்கிட் ரம்பாய்க் கோயிலில் சிதறு தேங்காய் உடைத்த பிறகு, கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி கொட்டாங்குச்சி பொறுக்க வருவாள். யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத்தான் பையில் போடுவாள். ஒரு நாள் நானே பேச்சுக் கொடுத்தேன்.

"இத வச்சு என்னாம்மா செய்வ?"

"கரியாக்கி, ரத்தத்தச் சுத்தம் பண்ண முடியுமான்னு பாக்குறோம், பாட்டி."

யாரிடமும் எந்த உதவியும் கேட்காதவள் நான். அன்று கேட்டேன். "என் மகளுக்கு கிட்னி போச்சு. அவளுக்கு ஒதவுமா?"

"அக்காவுக்குக் கிடைக்குமான்னு தெரியல, பாட்டி. இன்னும் ரொம்ப வருசம் ஆகும்."

"சும்மாவாச்சும் ஒதவும்னு சொல்லு லா."

"எனக்குப் பொய் சொல்ல வராது, பாட்டி."

பூசாரி முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை எல்லாரும் சரியாகிவிடும் என்றே சொல்லியிருந்தார்கள்.

நேர்ந்து உடைத்ததை உடைத்தவரே எடுக்கக்கூடாது என்பார்கள். மகளுக்காக நான் உடைத்த தேங்காயின் ஓடுகளை, குனிந்து நானே பொறுக்கி அவள் பையில் போட்டேன்.