சாணி அப்பிய காயம்

என் அக்கா பாலேஸ்வரியின் புருஷன் முத்துக்குமாரு அத்தானைப் புத்தூரில் ‘இரும்பன்’ என்றுதான் சொல்வார்கள். பட்டம் சும்மா வரவில்லை. ஒருமுறை மண்வெட்டி நழுவிக் கணைக்காலைப் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வாய்க்கால் தண்ணீரே சிவந்து போனது. நான் மயங்கி விழுந்தேன். அவர் சால்வையால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைத் தட்டி எழுப்பினார். மூன்று கிழமையில், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கிணற்றுத் துலா மிதிக்க ஏறிவிட்டார். பிறகு அந்தத் துலாவிலிருந்தே விழுந்து இரண்டு விலா எலும்பு முறிந்தது. அதுவும் பொருந்தியது.

இந்த உடம்பு எதையும் தாங்கும் என்று ஊர் நம்பியது. ஊரைவிட மேலாக நம்பிய மடையன் நான்.

முப்பத்தெட்டாம் ஆண்டு, புகையிலைத் தோட்டத்துக்கு எருப் பரவிக்கொண்டிருந்தோம். எருவுக்குள் கிடந்த துருப்பிடித்த வண்டில் ஆணி அத்தானின் குதிக்காலில் ஏறியது. பிடுங்கி எறிந்தார். ஒரு சொட்டு இரத்தம்கூட வரவில்லை.

“பரியாரியாரிட்டை ஒருக்காக் காட்டுங்கோவன்,” என்றாள் அக்கா, ஊர் வைத்தியரை நினைத்து.

“இரத்தமே வராத காயத்துக்குப் பரியாரியோ? சும்மா இரப்பா. தம்பி, கொஞ்சம் பச்சைச் சாணி கொண்டு வா.”

சூடு ஆறாத சாணியை அள்ளி அப்பித் துணியால் கட்டியவன் நான்தான். சாணி நஞ்சை இழுத்துவிடும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். நாலாம் நாள் துளை மூடிக்கொண்டது.

“பாத்தியே, உன்ரை கைராசி!” என்று அத்தான் காலைத் தூக்கிக் காட்டினார்.

எட்டாம் நாள் காலை பிட்டு அவர் வாய்க்குள் போகவில்லை. தாடை இறுகியிருந்தது. “என்ன அத்தான், அக்காவின்ரை பிட்டைக் கண்டதும் வாயைப் பூட்டிப்போட்டியளோ?” என்று பகிடி விட்டேன். சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்கள் சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் உதடு இழுத்தபடியே நின்றது. கண் மட்டும் சிரிக்கவில்லை. பரியாரியாரிடம் ஓடினேன்.

பரியாரி இராசநாயகம் வந்தார். வாயைக் கண்டதுமே குனிந்து காலைத் தேடினார்.

“எப்ப குத்தினது? என்ன வைச்சனீங்கள்?”

“சாணி,” என்றேன்.

“ஐயோ, அறுவான்களே! வெட்டுக்காயம் எண்டால் இரத்தம் ஓடி ஊத்தையைக் கழுவிப்போடும். உது நஞ்சை உள்ளுக்கை வைச்சு மூடின காயமடா. ஏற்பு வலி, தாடையைப் பூட்டுற சன்னி, துவங்கீட்டுது. வண்டிலைக் கட்டு, ஆசுபத்திரிக்கு ஓடு!”

வண்டில் சில்லு ஒரு கல்லில் ஏறினாலும் அத்தானின் உடம்பு வில்லாய் வளைந்தது. தலையும் குதிக்காலும் மட்டும் வைக்கோலில் பட்டன. மண்வெட்டி வெட்டைத் தாங்கிய உடம்பு, காகம் கத்தினால்கூடத் துடித்தது. நினைவாவது தப்பியதா? அதுவும் இல்லை, பாவி மனிதருக்கு. கடித்த பல்லுக்குள்ளால், “தம்பி, மெல்ல விடச் சொல்லு,” என்றார். மெல்லப் போனால் உயிர் போகும். வண்டில்காரனை விரட்டச் சொன்னேன். பாதி வழியில், கோப்பாய் தாண்டுமுன் மூச்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த சனம் முகத்தைப் பார்த்துவிட்டு, “சிரிச்ச முகத்தோடை போயிட்டார், புண்ணியவான்,” என்றது. அக்கா என் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். சாணி அப்பிய கை அது. இழுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.