நூறு சதவீதத்துக்கு இடைஞ்சலாக இருந்த பெண்

இரண்டாயிரத்து எட்டு முடியும் சமயத்தில், அமெரிக்காவில் ஏதோ வங்கி கவிழ்ந்ததற்காக ஓசூரில் எனக்கு வேலை போனது. லாரிக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி. மூன்று வருடமாக அங்கே நான் ‘டிரெய்னி’. மூன்று வருடம் கற்றும் தீராத அளவுக்கு அந்த வேலையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை பழகிவிட்டவனை நிரந்தரம் செய்ய வேண்டும், பழகிக்கொண்டே இருப்பவனைச் செய்ய வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

மனிதவள அதிகாரி எங்களைக் கேன்டீனில் உட்காரவைத்து, டீ கொடுத்து, உபதேசமும் கொடுத்தார். “இதை வேலை போச்சுன்னு நினைக்காதீங்க. உங்களை நீங்களே வளர்த்துக்கக் கிடைச்ச டைம்னு நினைங்க. முக்கியமா இங்கிலீஷ் கத்துக்குங்க.” அடுத்த மாதமே அவரையும் தன்னை வளர்த்துக்கொள்ள அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஊத்தங்கரைக்குப் போன் செய்தேன். “டிப்ளமா படிச்சவன் வந்து கடலைக்கொல்லையில நின்னா ஊரு சிரிக்கும். அங்கியே இரு” என்றார் அப்பா. இருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு மாடியில், முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் என்று பலகை வைத்திருந்த நிலையத்தில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் வாத்தியார் பெங்களூரில் கால் சென்டர் வேலை கிடைத்துப் போய்விட்டார். நிலையத்தின் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே நீதான் கிளாஸ் எடுக்கற. நீ சத்தமா பேசற. அது போதும்.”

“தப்பா பேசறேனே சார்?”

“தப்புன்னு கண்டுபிடிக்க அங்க யாரு இருக்கா?”

இப்படித்தான் நான் ஆங்கில ஆசிரியர் ஆனேன்.

வகுப்பில் பதினொரு பேர். பாதிப் பேர் என்னைப் போல வேலை போனவர்கள். அவர்களில் ஒருவர், லேத் பட்டறையில் இருபது வருடம் இரும்பு கடைந்த டர்னர். பெண்களில் ஒரு அக்கா இருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகப் பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸில், தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் செக்கர் வேலை. கணவருக்குப் பழைய இரும்பு வியாபாரம். சூப்பர்வைசரிடம் கன்னடம், வாடகை வீட்டுக்காரம்மாவிடம் தெலுங்கு, கணவரின் வியாபாரக் கூட்டாளிகளிடம் உருது, வீட்டுக்குள் தமிழ். முதல் நாள் தன்னை இப்படி அறிமுகம் செய்துகொண்டார்: “எனக்கு பாஷையே தெரியாது சார். அதான் வந்தேன்.” வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அவர் வந்த காரணம் அவருடைய மகள். அந்தப் பெண் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். கணக்கில் மட்டம். பொங்கல் முடிந்ததும் பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டு, “ஒன்பதாவது பாஸ் போட்டுடறோம். பத்தாவதுக்கு வேற ஸ்கூல் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். பத்தாவதில் பத்து வருடமாக நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பெரிய பேனர் தொங்கியது. தேறாது என்று தோன்றும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவதுதான் அதன் ரகசியம். ஆஸ்பத்திரிகளும் இதே முறையைக் கடைப்பிடித்தால் நாட்டில் ஒரு நோயாளியும் சாகமாட்டான்.

“தமிழ்ல பேசினா பிரின்சிபாலம்மா பேப்பரைப் பாத்துக்கினே தலையாட்டறாங்கோ. இங்கிலீஷ்ல கேட்டா நிமுந்து பாப்பாங்கோ இல்ல? மூணே மூணு வாக்கியம் குடுங்க சார்” என்றார் அக்கா.

மின்வெட்டு நேரம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கரும்பலகையில் எழுதினேன். ‘மை டாட்டர் வில் ஸ்டடி. கிவ் ஹர் ஒன் இயர். ப்ளீஸ் டோன்ட் செண்ட் ஹர் அவே.’ உடனே டர்னர் எழுந்தார்.

“ப்ளீஸ் எதுக்கு? நாம இன்னா பிச்சையா கேக்கறோம்?”

அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் கைதூக்கி ஓட்டெடுத்து ப்ளீஸ் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். என் கருத்தையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்ட கூட்டம் ஒன்றில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அக்கா கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினார். இரண்டு வாரத்தில் அந்த வேனில் வந்த பெண்கள் எல்லோருக்கும் மூன்று வாக்கியமும் மனப்பாடம்.

தன் தம்பி என்று சொல்லி என்னையும் பள்ளிக்குக் கூட்டிப்போனார். மகள் சுவரோரம் நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு பிழையும் இல்லாமல் மூன்று வாக்கியத்தையும் சொன்னார். முதல்வர் உண்மையிலேயே நிமிர்ந்து பார்த்தார். அது எங்கள் வெற்றி. பிறகு அவர் மூச்சு விடாமல் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அதற்கு நாங்கள் தயாராக வரவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆங்கில ஆசிரியர் அல்லவா? ‘பாலிசி’, ‘மேனேஜ்மென்ட்’ என்ற இரண்டு சொல் என் காதில் விழுந்தன. பேச்சின் முடிவு கேள்வி மாதிரி இருந்தது. மரியாதையாக, “எஸ் மேடம்” என்றேன். முதல்வர் உடனே மணியை அடித்து, டிசி எடுத்துவரச் சொன்னார். சம்மதமா என்றுதான் கேட்டிருக்கிறார்.

“நீ கொஞ்சம் சும்மா இரு தம்பி” என்று என்னை ஓரங்கட்டிவிட்டு அக்கா தமிழுக்கு வந்தார். “மேடம், நான் நாளெல்லாம் சட்டை பாக்கறவ. தையல் விட்டிருந்தா பிரிச்சி மறுபடி தெக்க அனுப்புவோம். வெளிய தூக்கிப் போட்டுட்டு, எங்ககிட்ட இருக்கறது எல்லாம் நல்ல சட்டைன்னு போர்டு மாட்ட மாட்டோம்.”

முதல்வர் கையிலிருந்த பேப்பரை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு நல்ல தமிழில், “உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். டிசி வந்தது. முன்கூட்டியே தயாராக இருந்திருக்கும் போல, மை காய்ந்திருந்தது.

வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்தாள். “நல்லா பேசினம்மா. இங்கிலீஷ்கூட நல்லாதான் இருந்துச்சு” என்றாள். அக்கா அப்போதுதான் அழுதார்.

பிறகு நாங்கள் போன அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் சதவீதம் எதையும் கேட்கவில்லை. “கணக்கு எப்படி?” என்றார்.

“வராது சார்.”

“சரி, வரட்டும்.” கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அது சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஒரு வகுப்பில் அறுபது பேர். அறிவியல் ஆசிரியர் இடம் அரை வருடம் காலி. பாடத்திட்டமும் வேறு. ஆனாலும் தமிழில் படிக்க ஆரம்பித்த முதல் மாதம் அவள் ஓடிவந்து அம்மாவிடம், “போட்டோசிந்தசிஸ்னா இலை தனக்குத்தானே சமைச்சிக்கறதாம்மா! இதைத்தான் அங்க ரெண்டு வருஷமா மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தேன்” என்றாளாம்.

ஜூன் மாதம் ஆங்கில நிலையத்தைப் பூட்டிவிட்டு முதலாளி காணாமல் போனார். முப்பது நாளில் சரளமாகப் போயிருந்தார். எங்களுக்குப் பழக்கம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு முன்னறையில் கூடினோம். ஆங்கிலத்தைக் கைவிட்டு, எங்களுக்கு உண்மையில் தெரிந்த கணக்கைக் கையில் எடுத்தோம். ஒரு நாள் தொடுகோடு என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்குப் புரியவைக்க நான் திணறிக்கொண்டிருந்தேன். டர்னர் பென்சிலைப் பிடுங்கினார். “சுத்தற ஜாப்பு இது. டூல் இது. டூல் போய்த் தொடுது பாரு, உள்ள எறங்காம, ஒரே எடத்துல. அவ்ளோதான் தொடுகோடு.” மூன்று வருட டிப்ளமாவில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மறுவருடம் அவள் தேறினாள். மாநில முதலிடம் எல்லாம் இல்லை, கணக்கில் கரையேறியிருந்தாள். பழைய பள்ளியின் பேனரில் பத்து வருடம் என்பது பன்னிரண்டாகியிருந்தது. அதைப் பார்த்து அக்கா, “எம் பொண்ணுக்கும் அதுல பங்கு இருக்குது தம்பி. அவ போனதாலதானே வந்துச்சு” என்றார். அந்தப் பெண் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் சேர்ந்தாள்.

கம்பெனி என்னைத் திரும்பக் கூப்பிட்டது, டிரெய்னியாக. விண்ணப்பத்தில் மூன்று வருட அனுபவம் என்று எழுதியிருந்தேன். புதிய அதிகாரி புன்னகையோடு அதை அடித்துவிட்டு, “ஃப்ரெஷர்னு போடுங்க” என்றார். போட்டேன்.

அந்த வாரம் அக்கா தன் வேனில் வரும் இரண்டு பெண்களை என்னிடம் கூட்டிவந்தார். ஒருத்தி நாட்றாம்பாளையத்துக்காரி, எட்டாவதோடு நின்றவள். தனியாகப் பத்தாவது எழுத வேண்டுமாம். இந்த வயதில், இந்த ஷிப்டில், இந்த நாட்டில் அது ஏன் நடக்காது என்று அனுபவசாலியாக அவர்களுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

“சரிங்க சார்” என்றாள் நாட்றாம்பாளையத்துக்காரி. “ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரட்டும்?”