மீனம்மா வேலியைப் பிரித்த நாள்

மீனம்மாவின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டாவளைக்கு வந்து குடியேறியவர்கள். மீனம்மா கூலிக்குக் கச்சான் கடலைத் தோட்டங்களில் வேலை செய்தார். அந்நியர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவார்.

சென்ற வருடம் பக்கத்து வெறும் வீட்டில் ஒரு தொலைக்காட்சித் தொடர்நாடகத்தை எடுத்தார்கள். மனைவியை அடிக்கும் ஒருவனின் கதை. வேலை முடிந்து வந்த மீனம்மாவுக்கு அது தெரியாது. "ஐயோ, அடிக்காதையுங்கோ!" என்று ஒரு பெண் கதறுவதுதான் கேட்டது. மண்வெட்டியோடு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி, ஓங்கிய கைக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றார்.

"இனி இவளைத் தொட்டுப் பாரடா!"

நடிகர் வெலவெலத்துப் பின்வாங்கினார். இயக்குநர் சிவகரன் ஓடிவந்தார். "அம்மா, இது நடிப்பு."

மீனம்மா மண்வெட்டியைக் கீழே இறக்கினார். "எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்? சத்தம் கேட்டால் வரத்தானே வேணும்."

சிவகரன் கையிலிருந்த கதைத்தாளைப் பார்த்தார். அவர் எழுதியிருந்த காட்சியில், அலறல் கேட்டதும் அயலவர்கள் யன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

நடிகை கௌசலா மீனம்மாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை. "அக்கா, நான் எட்டு வருசம் உண்மையாவே இப்பிடிக் கத்தினனான். ஒருத்தரும் வரேல்ல."

"எங்கட பக்கத்தில இருந்திருந்தால் வந்திருப்பமே, பிள்ளை," என்றார் மீனம்மா, சர்வசாதாரணமாக.

கமரா அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. மீனம்மா வந்து நின்றதை, அவரிடம் சம்மதம் கேட்டு, சிவகரன் அப்படியே நாடகத்தில் சேர்த்தார். யன்னல் சாத்தும் காட்சியை நீக்கிவிட்டார்.