பெரியக்காவுக்கு எவ்வளவு பலம் போடலாம்?

சண்டை விளையாட்டில் யாருக்கு எவ்வளவு பலம், எவ்வளவு பலவீனம் என்று அளந்து போடும் வேலை இருக்கிறதே, அதைப் போல நன்றிகெட்ட வேலை உலகத்தில் வேறு கிடையாது. கூட்டினால் ஒரு கூட்டம் திட்டும், குறைத்தால் இன்னொரு கூட்டம் திட்டும், அப்படியே விட்டால் இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து "இவன் தூங்குகிறானா?" என்று கேட்கும். ஊரே சாப்பிடும் பந்திக்கு ஒரே அண்டாவில் சாம்பார் வைத்து உப்புப் போட்டவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

மெல்பர்னில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் எனக்கு இந்த வேலை. எங்கள் விளையாட்டில் திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோதுவார்கள். யாருடைய உயிர் முதலில் தீர்கிறதோ அவர் அவுட். அதில் மலை போல ஒரு மல்யுத்தக்காரி இருக்கிறாள். அவளுக்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் நான் "பெரியக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தேன், ஆபீஸ் முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது. படிக்க வந்து, படிப்பு முடிந்து, முதல் வேலையில் சேர்ந்தபோது எல்லோரும் வேண்டாமென்று தள்ளிவைத்திருந்த அவளைப் புதுப் பையனான என் தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து அந்த விளையாட்டின் மூன்று பாகங்களாக எனக்கு நிம்மதி இல்லை.

நடந்தே வருவாள்

முதல் பாகத்தில் பெரியக்கா பிடித்தால் பிடித்ததுதான். எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் போட்டால் பாதி உயிர் போய்விடும். ஆனால் பிடிப்பதற்கு அவள் பக்கத்தில் போக வேண்டுமே! ஆடி அசைந்து நடந்து வருவாள். அதற்குள் எதிராளி தூரத்தில் நின்றுகொண்டு நெருப்புருண்டை, கத்தி, கல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வீசிக் கதையை முடித்துவிடுவான்.

விளையாட்டுக் கண்காட்சியில் எங்கள் ஸ்டால் வாசலில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மலேசியாவிலிருந்து வந்து இங்கே கணக்காளராக இருக்கும் ஒருவர், ஆபீஸ் பையை முதுகிலிருந்து கழற்றாமலேயே பெரியக்காவைத் தேர்ந்தெடுத்து ஆடினார். தோற்றார். மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார். எப்படி இருக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கன்ட்ரோலரை மரியாதையாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள நான் செத்துட்டேன்லா. சண்டே பஸ்ஸே பரவால்ல."

ஓட விட்டேன்

மணிக்கு ஒன்று வந்தாலே பெரிய விஷயமான அந்தச் சண்டே பஸ் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டாம் பாகத்தில் பெரியக்காவுக்கு ஓட்டம் கொடுத்தேன். ஒரே பட்டன், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எருமை மாதிரிப் பாய்ந்து பிடித்துவிடுவாள். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். வெளியான இரண்டாவது வாரமே சிரிப்பு நின்றுபோனது. உலகம் முழுக்க எல்லோரும் அவளையே எடுத்தார்கள். கல் வீசுகிறவனுக்கு வேலை இல்லை, கத்தி வீசுகிறவனுக்குக் கை ஓங்கக்கூட நேரமில்லை.

சிட்னியில் பிளாக்டவுனில் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்திருந்தார்கள், பார்க்கப் போயிருந்தேன். இறுதிச் சுற்றில் இந்தப் பக்கமும் பெரியக்கா, அந்தப் பக்கமும் பெரியக்கா. இரண்டு பேரும் ஓடி வந்து முட்டிக்கொள்வதும் விழுவதும் எழுவதுமாக இருக்க, சனம் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே கொத்துரொட்டிக் கடைக்குப் போய்விட்டது. போட்டியை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், உதயன் என்று பெயர். காலியாகக் கிடந்த நாற்காலிகளுக்கு நடுவில் நான்தான் குற்றவாளி என்று அவரிடம் யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்து, குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நீங்கள் ஒராளுக்குச் செருப்புக் குடுத்தது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள். மற்ற எல்லாரின்ரை செருப்பையும் எல்லோ பறிச்சுப் போட்டியள்."

பொயிண்ட் குக் விருந்து

எங்கள் ஏரியாவான பொயிண்ட் குக்கில் தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்து எடுத்துவந்து பொங்கல் கொண்டாடுவோம். எல்லோரும் பேங்க், ஐ.டி., மருத்துவமனை என்று கௌரவமான உத்தியோகங்கள். யாருக்கு என்ன வேலை என்ற பேச்சில் என் முறை வரும்போது மட்டும் எல்லோரும் பாயசத்தின் பக்கம் திரும்பிவிடுவார்கள். அன்று ஒரு அங்கிள் விடவில்லை. தட்டில் வடையோடு என் எதிரே உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். முதல் பாகத்தில் மெதுவாக இருந்தாள், அதனால் இரண்டாம் பாகத்தில் வேகம் கொடுத்தோம், அது அதிகமாகிவிட்டது, மூன்றாம் பாகத்தில் குறைக்கப் போகிறோம் என்று நானும் மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் வடையைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அப்போ நீங்க பண்ற தப்பைத்தான் நீங்களே அடுத்த பாகமாப் போட்டு விக்கிறீங்க. பலே தம்பி, நல்ல பிசினஸ்."

ஆளுக்கொரு பாத்திரம்

மூன்றாம் பாகம் தொடங்கியது. எங்கள் தலைவி கெல்லி என்னைக் கூப்பிட்டு இரண்டே வாக்கியம் பேசினாள். வெளியீட்டுக்கு முந்தைய கடைசிக் கட்டத்துக்குள் பெரியக்கா அடங்கியிருக்க வேண்டும், மற்றவர்களைப் போல பாதி வெற்றி பாதி தோல்வி என்று நடுவில் வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் பாகத்தில் அவள் கிடையாது. இந்த நாட்டில் நான் முதன்முதலாக உருப்படியாகச் செய்தது அவளைத்தான். அவளைத் தூக்கிவிட்டால் என்னால் அந்த ஆபீஸில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க முடியாது. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விளையாடிப் பார்த்துச் சோதிக்கிறவர்கள், அதாவது டெஸ்டர்கள், சேர்ந்த அன்றே விளையாட்டில் வரும் சண்டைக்காரர்களில் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தத்தெடுத்துக்கொள்வார்கள். கடைசிவரை அதுதான். பெரியக்காவை எடுத்தவள் துஷி. மெல்பர்னிலேயே பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண். அவள் கையில் பெரியக்கா தோற்கவே மாட்டாள். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன், துஷி ஜெயித்தாள். உயிரைக் குறைத்தேன், கொஞ்சம் முனகிவிட்டு ஜெயித்தாள். கீழே விழுந்தால் எழுந்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், வெற்றிகள் இம்மி அசையவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கூட்டினேன். அப்போதும் அசையவில்லை. ஆகவே வாராவாரம் கூட்டிக்கொண்டே போனேன்.

மத்தியானச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன். அவளிடம் போய், இன்னும் குறைக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்றேன். துஷி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"யூ கேன் கட் மோர், அண்ணா. ஐ வில் ஸ்டில் வின்."

துஷி இல்லாத வாரங்கள்

அப்புறம் துஷி தன் மச்சாளின் கல்யாணத்துக்கு டொரொன்டோ போனாள். அவள் கன்ட்ரோலரை மற்றவர்கள் முறை வைத்து எடுத்து ஆடினார்கள். வெற்றிகள் மளமளவென்று இறங்கின. துஷியின் பழைய வெற்றிகளையும் இவர்களின் தோல்விகளையும் சேர்த்துப் பார்த்தால், அப்பாடா, பெரியக்கா சரியாக நடுவில் வந்து நின்றாள்! கெல்லி என் முதுகில் தட்டி, மூன்றாம் பாகத்தில் அவள் இருக்கிறாள், போய்க் கொண்டாடு என்றாள். நான் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

கீழே டெஸ்டர்கள் அறையில் மார்க்கஸ் பெரியக்காவை வைத்து ஆடிக்கொண்டிருந்தான். நல்ல ஆட்டக்காரன். ஒரு அடி வாங்கினான், பெரியக்கா தரையில் விழுந்தாள். கிடந்தாள். கிடந்துகொண்டே இருந்தாள். எதிராளி நிதானமாகப் பக்கத்தில் வந்து, கால் மாற்றி நின்று, அவள் எழுந்திருக்க முதுகை வளைக்கும் நேரம் பார்த்து மறுபடி அடித்தான். மறுபடி விழுந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துஷி கீழே விழுகிற ஆளே கிடையாது! அதனால்தான் எழுந்திருக்கும் நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் அவள் வெற்றி அசையவில்லை. நான் இத்தனை மாதமாகப் பெரியக்காவை அளக்கவே இல்லை, துஷியைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன். மார்க்கஸ் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"இவள் எழுந்திருப்பாளா, இல்லை நான் போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு வரட்டுமா?"

கெல்லியின் அறை

வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரியக்கா மூன்றாம் பாகத்தில் இருப்பாள், கெல்லி சொல்லிவிட்டாள். ஆனால் அவளைக் காசு கொடுத்து வாங்கி ஆடப்போகும் ஒவ்வொருவரும் தரையில் கிடந்து மிதிபடுவார்கள். வாயைத் திறந்தால், கடைசி நேரத்தில் இந்தத் தலைவலி எதற்கு, அவளைத் தூக்கிவிடு என்று கெல்லி சொல்ல எல்லா நியாயமும் உண்டு. கார் பார்க்கிங்கில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். பாதுகாவலர் வந்து, சார், காரைத் தேடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு மேலே போய், அந்த நடு என்பது பொய், ஒருத்தியின் வெற்றியும் மற்றவர்களின் தோல்வியும் சேர்ந்து வந்த நடு என்று கெல்லியிடம் சொல்லிவிட்டேன். அவள் நெற்றியைத் தேய்த்தாள். வியாழக்கிழமை சாயங்காலம்வரை தருகிறேன், அதற்குள் நிஜமாகவே நடுவில் நிற்காவிட்டால் நீயே அவளை நீக்கு என்றாள்.

எழுந்திருக்கும் நேரத்தைப் பழையபடி ஆக்கினேன். வேறு எதையும் தொடவில்லை; ஓட்டம் குறைந்தது குறைந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு டெஸ்டர்கள் எல்லோரையும் பாத்திரம் மாற்றி உட்காரச் சொன்னேன். பெரிய கலவரம் ஆகிவிட்டது. தத்தெடுத்த பிள்ளையை அடுத்த வீட்டில் விடச் சொன்னது மாதிரி முறைத்தார்கள். டொரொன்டோவிலிருந்து வந்த களைப்போடு துஷி கத்தி வீசுகிறவனை எடுத்துக்கொண்டு பெரியக்காவைப் பந்தாடினாள். ஆனால் மற்றவர்கள் கையில் பெரியக்கா விழுந்தாள், எழுந்தாள், சில ஆட்டம் தோற்றாள், சில ஆட்டம் ஜெயித்தாள். என் கால் மேசைக்கடியில் ஆடியதில் துஷியின் தண்ணீர்ப் போத்தலே சாய்ந்துவிட்டது. வியாழக்கிழமை கெல்லி ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் நின்று பார்த்தாள். என்னிடம் வந்து, எந்த உணர்ச்சியும் இல்லாத குரலில் சொன்னாள்:

"இப்போது இவளை வைத்து எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தோற்கிறார்கள். சரி, இருக்கட்டும்."

டண்டினொங் சலூன்

மூன்றாம் பாகம் வெளியாகி, வழக்கம்போல வசவும் வந்தது. பெரியக்காவின் காலை உடைத்துவிட்டேன் என்று இரண்டாம் பாகத்து ரசிகர்கள் என் குடும்பத்தையே இழுத்தார்கள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் டண்டினொங்கில் ஒரு தமிழ் சலூனுக்கு முடிவெட்டப் போனேன். காத்திருக்கிறவர்களுக்காக அங்கே ஒரு டிவியும் இரண்டு கன்ட்ரோலர்களும் வைத்திருப்பார்கள். வேலை முடிந்த கையோடு வந்த இரண்டு பேர், குளிர்பதனக் கிடங்கின் தடித்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் பெரியக்கா. நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அவர் தோற்றார். அடுத்த ஆட்டமும் தோற்றார். அடுத்ததில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, எழுந்து, எதிராளியைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்றிப் போட்டபோது முடிவெட்டிக்கொண்டிருந்தவரே கத்திரிக்கோலை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகும் அந்த ஆட்டம் தோல்வியில்தான் முடிந்தது. வேறு ஆளை எடுத்து ஆடேன், இவளைத்தான் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று கூட வந்தவர் கிண்டல் செய்தார். பெரியக்கா ஆடியவர் அடுத்த ஆட்டத்துக்கும் அவளையே தேர்ந்தெடுத்துவிட்டுச் சொன்னார்:

"முந்தின மாதிரி ஓட்டம் இல்லைத்தான். ஆனா விழுந்தவுடனை எழும்புறா மச்சான். எனக்கு அது போதும்."

ஆக, ஒருத்தியை மூன்று பாகங்களாக நடக்கவிட்டு, ஓடவிட்டு, நறுக்கி, கடைசியில் விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவிட்டதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷமாகச் சம்பளம் தந்துகொண்டிருக்கிறார்கள்.